நீரில் ஓர் ஓட்டம்

விழுப்புரம் மாவட்டத்தில், மயிலத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த திருவக்கரையை அறியாதார் நம் பகுதியில் அரியர். கல்லூரிச் சுற்றுலாவாக வரும் மாணாக்கர் அங்குள்ள கல்மரங்களைக் கண்டு வியந்து, அவற்றின் அருகே நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டு மீள்வர். (மேலே ஏறி நிற்போரும் உளர், அது தகாது என்பதை ஈண்டே சொல்லி வைக்கிறோம்.) 1781ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இம்மரங்களைக் குறித்து எழுதினார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் அவை உள்ளன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் அகவையுடையவை. சில 15 மீட்டர் வரை நீண்டு கிடப்பவை. அவற்றுள் ஒன்றுக்கேனும் கிளையில்லை; வேரில்லை. ஆதலின் அவை அங்கேயே முளைத்து வளர்ந்தவை அல்ல, பழங்காலப் பெருவெள்ளம் எங்கிருந்தோ அடித்துக் கொணர்ந்து மணலில் புதைத்தவை என்பது அறிஞர் முடிபு.

அவ்வூர்க்கு அண்மையில் உள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்த எமக்கு இச்செய்தியை முதன்முதல் சொன்னவர் எம் பாட்டனார். புவியியல் நூல் எதனையும் அவர் கற்றவர் அல்லர். "காலே இல்லாம எவ்ளோ தூரம் வந்திருக்கு பாரு" என்று ஒரு கல்மரத்தைத் தட்டிக் காட்டினார். அவர் அதனை எம்மை நோக்கிச் சொன்னதன் காரணம் எமக்கு அப்போதே விளங்கியது.

மூன்றாம் அகவையில் இளம்பிள்ளை வாதம் எம் இடக்காலைக் கொண்டுபோயிற்று. இக்காலத்து மாணவர் அந்நோயைப் பாடநூலில் மட்டுமே காண்பர். 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததே இயற்கைத் தீநுண்மியால் இந்தியாவில் கண்டறியப்பட்ட இறுதி நிகழ்வு. 2014 மார்ச்சில் நம் நாடு அந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பெற்றது. எம் தலைமுறையிலோ தெருவுக்கு ஒருவரேனும் அதனால் கால் மெலிந்து இருந்தோம்.

பள்ளியில் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடக்கும். எமக்கும் அதில் ஒரு பணி உண்டு. ஓட்டப் பந்தய முடிவிடத்தில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து நிற்றல். ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆறு ஆண்டுகள் அக்கயிற்றை யாமே பிடித்தோம். ஆசிரியர் எம்மை இகழ்ந்து அப்பணியைத் தரவில்லை. விழாவில் எமக்கும் ஓர் இடம் இருக்கட்டும் என்னும் நல்லெண்ணத்தால் தந்தார். நல்லெண்ணத்தோடு எவரும் சண்டையிட முடிவதில்லை. முதலில் வருபவன் மார்பால் மோதும்போது கயிறு எம் விரல்களை உரசிக்கொண்டு நழுவும். அந்த எரிச்சல் மாலை வரை இருக்கும்.

1971ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் ஏரி நிரம்பிற்று. எம் அண்ணனும் அவர் தோழர்களும் குலை வெட்டிய வாழைமரங்களைக் கொணர்ந்து, இரண்டிரண்டாகச் சேர்த்து, குறுக்கே மூங்கில் முளைகளை அடித்துத் தெப்பம் செய்தனர். பனைமட்டையே துடுப்பு. மதகிலிருந்து, நீருள் பாதி மூழ்கி நின்ற கருவேல மரம் வரை பந்தயம். தெப்பங்கள் ஐந்து, ஆட்கள் நால்வர். அதனால்தான் எம்மை அழைத்தனர். யாம் தெப்பத்தின் நடுவே அமர்ந்து, மெலிந்த காலை முன்னே நீட்டி, மட்டையை வலமும் இடமுமாக மாற்றி மாற்றி வலித்தோம். பிறர் மண்டியிட்டும் குப்புறப் படுத்தும் தள்ளாடினர். அமர்ந்தே பழகிய எமக்கு அத்தள்ளாட்டம் இல்லை. பாதி வழியில் திரும்பிப் பார்த்தோம். மூன்று முகங்கள் எமக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தன. பந்தயம் ஒன்றில் பிறர் முகங்களைப் பின்னால் திரும்பிப் பார்த்தது எம் வாழ்வில் அந்த ஒரு நாள்தான். அண்ணன் முதலில் வந்தார், யாம் இரண்டாவது. செய்தி வீட்டுக்கு எட்டியதும் தந்தையார் அண்ணனை நையப் புடைத்தார். எம்மை ஓர் அடியும் அடிக்கவில்லை. அந்த வருத்தம் எமக்கு நெடுநாள் நீங்கவில்லை.

அதன்பின் யாம் ஏரியில் இறங்கவில்லை. படித்தோம், தமிழாசிரியரானோம், ஓய்வும் பெற்றோம்.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் எம் மகள்வயிற்றுப் பேரன் கைப்பேசியை எம் கண்முன் நீட்டினான். "தாத்தா, இவங்க எல்லாருக்கும் காலு வராது. படகுல உக்காந்துட்டா தெரியுதா பாருங்க" என்றான். பாரிசு நகரை அடுத்த வேர்-சுர்-மார்னில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கின், அதாவது பாராலிம்பிக்கின், ஆடவர் தனிக் கயாக் 200 மீட்டர் போட்டி அது. கயாக் என்பது வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் வேட்டுவர் கடல்நாயின் தோல் போர்த்திச் செய்துகொண்ட சிறு படகு. அதில் செல்வோர் முன்னோக்கி அமர்ந்து, இருமுனையும் அலகுள்ள ஒரே துடுப்பால் இருபுறமும் மாறி மாறி வலிப்பர். துடுப்புப் படகுப் போட்டியில் வீரர்கள் இலக்குக்கு முதுகு காட்டி அமர்வதை அன்பர்கள் கண்டிருக்கலாம். இதில் இலக்கு கண்ணெதிரே. பந்தயக் கயாக்கின் நீளம் 5.20 மீட்டருக்கு மிகலாகாது. எடை 12 கிலோவிற்குக் குறையலாகாது. மாற்றுத்திறனாளர் படகு கவிழாமல் நிற்கும்பொருட்டு அடிப்பாகம் சற்று அகன்றிருக்க வேண்டும் என்றும் விதித்துள்ளனர்.

அப்போட்டியில் நம் நாட்டின் யஷ் குமார் துடுப்பு வலித்தார். கால்களும் இடுப்பும் ஒத்துழையாது, தோளும் கையும் மட்டுமே இயங்குவோர்க்குரிய முதற் பிரிவு அவருடையது. அரையிறுதியோடு அவர் பயணம் நின்றது. அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல். அப்பிரிவில் தங்கம் வென்றவர் அங்கேரி நாட்டின் பீட்டர் கிஷ். டோக்கியோவிலும் வென்றவர் அவரே. அங்கு அவர் எடுத்துக்கொண்டது 45 விநாடிக்குச் சற்று மேல்.

யாம் அந்த ஓட்டத்தை அன்றிரவு எத்தனை முறை பார்த்தோம் என்பதை எண்ணவில்லை. பார்த்து முடித்ததும் கணக்குப் பார்க்கும் ஆவல் பிறந்தது. இலண்டனில் 2012இல் உடற்குறை இல்லாதோர் ஒலிம்பிக்கில் இதே 200 மீட்டரை வென்ற எட் மெக்கீவர் எடுத்தது 36 விநாடிக்குச் சற்று மேல். இரியோவில் 2016இல் காற்குறையுடையோரின் மூன்றாம் பிரிவில் வென்ற உக்ரைன் வீரர் செர்கி எமெலியானோவ் 40 விநாடிக்குள் முடித்தார். வேறுபாடு நான்கு விநாடிக்கும் குறைவு. காலே இயங்காத கிஷ்ஷுக்கும் மெக்கீவருக்கும் இடையே ஒன்பது விநாடி. தரையில் இந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதை யாம் சொல்ல வேண்டியதில்லை. கயிறு பிடித்து நின்ற எமக்கு அது தெரியும்.

இவ்விடத்தில் யாம் முதலில் கொண்ட பிழையான கருத்தொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கயாக்கில் கைதான் எல்லாம், காலுக்கு வேலையில்லை என்றே யாம் எண்ணினோம். எங்கள் ஏரியில் பெற்ற வெற்றிக்கும் அதுவே காரணம் எனப் பேரனிடம் பெருமை பேசினோம். அவன் பயிற்சி விளக்கம் ஒன்றைத் தேடிக் காட்டி எம் வாயை அடைத்தான். வலப்புறம் துடுப்பை நீரில் ஊன்றும்போது வீரர் வலக்காலால் முன்பலகையை உதைக்கிறார். அவ்வுதையால் இடுப்பு திரும்புகிறது. இடுப்பு முதுகைத் திருப்புகிறது. அந்த முறுக்கே துடுப்புக்கு விசையாகிறது. கை அவ்விசையை நீருக்குக் கொண்டு சேர்க்கும் கயிறு போன்றது. ஆகவேதான் பிரிவுகள் மூன்று. காலை ஓரளவு உதைக்க வல்லோர் மூன்றாம் பிரிவு. உடற்பகுதியும் காலும் ஓரளவே இயங்குவோர் இரண்டாம் பிரிவு. இரண்டும் இயங்காதோர் முதற் பிரிவு. கால் நீரிலும் கேட்கப்படுகிறது. ஆயினும் தரை கேட்பதுபோல் முதலிலேயே கேட்டு வாயிலில் நிறுத்துவதில்லை. பந்தயத்தில் இறக்கிவிட்டு, சில விநாடிகளை மட்டும் வாங்கிக்கொள்கிறது. கிஷ்ஷின் ஒன்பது விநாடியின் பொருள் அதன்பின்னரே எமக்கு விளங்கியது. உதைக்கக் காலும், திரும்ப இடுப்பும் இன்றி, தோளை மட்டும் நம்பி அவர் அந்த இடைவெளியை ஒன்பதாகச் சுருக்கியிருக்கிறார்.

யஷ் குமார் பின்தங்கிய பதினைந்து விநாடிக்கும் மேலான நேரமோ வேறு கணக்கு. அதில் தோளின் குறை சிறிதும், நீரும் படகும் பயிற்சி ஆண்டுகளும் போதாமை பெரிதும் இருக்கும் என்பது எம் கருத்து. இப்போட்டி பாராலிம்பிக்கில் சேர்க்கப்பெற்றதே 2016இல்தான். இந்தியரில் முதன்முதல் அதற்குத் தகுதி பெற்றவர் பிராச்சி யாதவ் என்னும் பெண்மணி. டோக்கியோவில் இறுதிப் போட்டி வரை சென்றார். 2023 அக்டோபரில் சீனத்தின் ஹாங்சோவில் நடந்த ஆசிய மாற்றுத்திறனாளர் விளையாட்டில் அவர் தங்கம் பெற்றார். அவர் கணவர் மனீஷ் கௌரவ் அதே களத்தில் ஆடவர் தனிக் கயாக் மூன்றாம் பிரிவில் வெண்கலம் பெற்றார். உடற்குறை இல்லாத நம் வீரர்கள் ஆசிய விளையாட்டில் இத்துறையில் பெற்ற பதக்கங்களை நினைத்தால் இதன் அருமை புரியும். 1994இல் இரோசிமாவில் இருவர் கனோப் படகில் ஒரு வெண்கலம். அடுத்த வெண்கலம் வர 2023 வரை 29 ஆண்டுகள் காத்திருந்தோம். இரண்டும் இருவர் செலுத்திய படகுகள். தனிக் கயாக் அல்ல.

பிராச்சி பயின்றது போபால் நகரின் ஏரியில். அதனை அறிந்தபோது எமக்குத் தோன்றியது ஒன்றே: 200 மீட்டர் நீர் போதும். அம்மட்டில் நம் பகுதி ஏழையா? சங்கராபரணி ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பது உண்மை. ஆனால் திருவக்கரைக்கு மேலே வீடூர் அணை இருக்கிறது. 32 அடி உயரம் நீர் தேக்கி, தமிழ்நாட்டிலும் புதுவையிலுமாக 3,200 ஏக்கருக்குப் பாசனம் தருவது. ஏரிகளோ ஊர்தோறும் உள. நீர் உண்டு, கால் மெலிந்த ஒரு சிறுவனை நீரருகே அழைத்துச் செல்லும் துணிவுதான் எங்கள் தந்தையார் காலத்திலும் இல்லை, இன்றும் அதிகமில்லை. அவர் அண்ணனை அடித்தது அச்சத்தால் என்பதை யாமும் தந்தையான பின்னரே உணர்ந்தோம்.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. சங்கராபரணி கரை புரண்டது. பட்ட இழப்பை ஈண்டு விரிப்பின் அது தனிக் கட்டுரையாகும். வெள்ளம் வடிந்து இரு வாரங்கள் கழித்து யாம் பேரனோடு ஏரிக்கரைக்குச் சென்றோம். ஏரி நிறைந்து, காற்றின்றி, கண்ணாடி போல் இருந்தது. பழைய கருவேல மரம் இல்லை. கரையோரத் தோட்டத்தில் புயல் சாய்த்த வாழைகள் வரிசையாகக் கிடந்தன. பேரன் அவற்றைப் பார்த்தான், எம்மைப் பார்த்தான். தோட்டக்காரர், "எல்லாம் அழுகத்தான் போவுது, எடுத்துக்குங்க வாத்தியாரே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகள் கூடித் தெப்பம் கட்டினர். யாமும் ஏறுவதாக இருந்தோம். எம் துணைவியார் இசையவில்லை. அறுபத்தாறு அகவையில் அடி வாங்குவது முறையன்று என யாமும் அடங்கினோம். அப்போது அடுத்த தெருவைச் சேர்ந்த பெண்மணி தம் ஒன்பது அகவை மகனை இடுப்பில் சுமந்தபடி வேடிக்கை பார்க்க வந்தார். பிறவியிலேயே இரு கால்களும் இறுகிப்போன பிள்ளை. தெப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், "நானும்" என்றான். தாய் மறுத்தார். மீண்டும், "நானும்" என்றான்.

அவன் தந்தை வயலிலிருந்து வந்து, நெடுநேரம் தயங்கி, பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழமுள்ள கரையோரம்தான். தெப்பத்தின் நடுவே பழைய நாற்காலியின் முதுகுப் பலகையைக் கட்டி, அதில் பையனைச் சாய்த்து அமர்த்தினோம். தந்தை ஒருபுறம், எம் பேரன் மறுபுறம். தெப்பத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கரையில் நிற்பவர் எவரேனும் பிடித்தாக வேண்டும். அப்பணி எமக்கு நன்கு பழகியது. கை நீட்டி வாங்கிக்கொண்டோம்.

பையன் கையில் பனைமட்டை. முதல் வீச்சு நீரைத் தொடவில்லை. இரண்டாவது தந்தையின் முகத்தில் நீரை வாரி அடித்தது. மூன்றாவதில் தெப்பம் ஒரு முழம் நகர்ந்தது. எம் உள்ளங்கையில் கயிறு மெல்ல ஓடிற்று.