என் முதல் கேமராவும் ஆறாம் வகுப்பும்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் வீட்டு அலமாரியைத் துப்புரவு செய்வது என் வழக்கம். இம்முறை மேல்தட்டில் இருந்த பழைய பிஸ்கட் டின் ஒன்றை இறக்கித் திறந்தேன். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களுக்கு நடுவே, தோல் உறையில் என் முதல் கேமரா இருந்தது. நம் நாட்டு ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். ஆதலால்தான் அதற்கு இந்த டின் வாசம். பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன், ஏழு வயதிருக்கும், அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "ஐயா, படம் எங்க தெரியும்?" என்று கேட்டான். அவனுக்கு விளக்கிக் கூறிய பின் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அது யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். எலெக்ட்ரோ 35 வரிசையை ஜப்பானிய யாஷிகா நிறுவனம் 1966இல் தொடங்கியது. என்னிடம் இருக்கும் ஜி.எஸ்.என். வகை 1973இல் வந்தது. நான் அதை வாங்கியது 1989இல், தைப்பிங் நகரில், பழைய கேமராக்களும் கைக்கடிகாரங்களும் அடுக்கியிருந்த ஒரு சிறிய கடையில். விலை 180 வெள்ளி. மூன்று மாதத் தவணை. ஆசிரியப் பணியில் சேர்ந்து இரண்டாண்டு கூட ஆகாத எனக்கு அது பெருந்தொகை. கண்ணாடி மேலெழும்பி இறங்கும் எஸ்.எல்.ஆர். வகைக் கேமராக்களைத்தான் அன்று படம் எடுக்கத் தெரிந்தவர்கள் வைத்திருந்தனர். அவற்றின் விலையைக் கேட்டுவிட்டு நான் அடுத்த கண்ணாடிப் பேழைக்கு நகர்ந்தேன். கடைக்காரர் வயது முதிர்ந்த சீனர். என் தயக்கத்தைப் புரிந்துகொண்டவர் போல இந்தக் கருவியை எடுத்து என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. அந்தக் கனமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

ரேஞ்ச்ஃபைண்டர் என்னும் இவ்வகைக் கேமராவைப் பற்றி இளைய ஆசிரியர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். இதன் முகத்தில் லென்சுக்கு மேலே இரண்டு சிறு சன்னல்கள் இருக்கும். ஒன்றின் வழியே நாம் பார்க்கிறோம். மற்றொன்றின் வழியே வரும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடி திருப்பி, நாம் பார்க்கும் காட்சியின் நடுவில் ஒரு மங்கிய பொட்டாக விழச் செய்கிறது. அந்தப் பொட்டுக்குள் எதிரே நிற்பவர் இரண்டு பேராகத் தெரிவார். லென்சின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரு உருவங்களும் நெருங்கி வரும். இரண்டும் ஒன்றாகும் இடத்தில் தொலைவு சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். நம் இரு கண்களும் தொலைவை அறிவதும் ஏறத்தாழ இப்படித்தான். விரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடித் திறந்து, பிறகு மறு கண்ணை மூடித் திறந்து பாருங்கள். விரல் இடம் பெயரும். அறிவியல் பாடத்தில் இதைச் செய்து காட்டினால் வகுப்பே சிறிது நேரம் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும்!

லென்சின் தொலைவோடு இந்தப் பொறியை இணைத்த லைக்கா கேமரா 1932இலேயே வந்துவிட்டது. விலையுயர்ந்த அந்த நுட்பத்தை நடுத்தர வருவாய்க்காரனும் தொடும்படி செய்தவை யாஷிகா போன்ற ஜப்பானியக் கருவிகள். ஒளியளவு கணிக்கும் வேலையையும் என் கேமராவே பார்த்துக்கொண்டது. நாம் துவாரத்தின் அளவை மட்டும் குறித்தால் போதும். எவ்வளவு நேரம் திறந்து மூடுவது என்பதை அது முடிவு செய்யும். பொத்தானைப் பாதி அழுத்தினால், வெளிச்சம் குறைவென்றால் மஞ்சள் விளக்கு, மிகுதியென்றால் சிவப்பு விளக்கு. இரண்டும் எரியாவிட்டால் எடுக்கலாம். மூடியானது லென்சுக்குள்ளேயே இதழ்களாக விரிந்து மூடுவதால், படம் எடுக்கப்பட்டது எதிரில் நிற்பவருக்கே தெரியாத அளவு மெல்லிய ஓசை.

கடைக்காரர் அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தார். படச்சுருளின் முனையைச் செருகிய பின், முன்னேற்றும்போது மறுபக்கக் குமிழ் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழலவில்லை என்றால் சுருள் நகரவில்லை. இதை மூன்று முறை செய்து காட்டச் சொன்னார். இறுதியாக, ஒரு கறுப்பு மூடியை லென்சின் மேல் பொருத்தி, "சிக்கு, இந்த வகையில் உங்கள் கண் வேறு, கேமராவின் கண் வேறு. மறக்காதீர்கள்" என்றார். மலாய்மொழியில் சொன்னார். நான் தலையாட்டினேன். மாணவர்கள் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எண்ணும் ஆசிரியர்கள் என் தலையாட்டலையும் நினைவில் கொள்ளலாம்.

அப்போது நான் பணியாற்றியது ரப்பர்த் தோட்டத்துக்குள் இருந்த ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி. பால்மரங்களை வீழ்த்திவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1990இல் என் ஆறாம் வகுப்பில் பதினான்கு மாணவர்கள். நகரத்திலிருந்து படம் எடுப்பவரை வரவழைக்கப் பதினான்கு பேரின் காசு போதாது. "நானே எடுக்கிறேன்" என்று தலைமையாசிரியரிடம் கூறினேன். ஆளுக்கு ஐம்பது காசு வசூலித்தேன்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிந்த பின் ஒரு வெள்ளிக்கிழமை காலை. தலைமையாசிரியர் கல்வி இலாகாக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பிள்ளைகள் எல்லாரும் எண்ணெய் தடவி வாரிய தலையும் துவைத்த சட்டையுமாக வந்திருந்தனர். அவர்களுள் ஒரு பையன் அடுத்த நாளே தோட்டத்தைவிட்டுப் போகவிருந்தான். அவன் தந்தைக்கு ஜொகூரில் வேலை கிடைத்திருந்தது. அண்ணனின் காலணியை அணிந்து வந்திருந்தான். பெரிதாக இருந்ததால் நடக்கும்போது தட்டுத் தட்டென்று ஓசை எழுந்தது.

"சார், எனக்கும் ஒரு படம் உண்டா?" என்றான்.

"உண்டு. அஞ்சலில் அனுப்பி வைக்கிறேன். முகவரி கொடு."

"அப்பா போய்ச் சேர்ந்ததும் எழுதுவாரு, சார்."

சற்று நேரம் கழித்து மீண்டும் வந்து அதையே கேட்டான். மீண்டும் அதையே சொன்னேன்.

கொடிக்கம்பத்தின் முன் நீண்ட பலகையைப் போட்டு இரு வரிசையாக நிறுத்தினேன். தூறல் விழுந்தது. கேமராவுக்கு மூடியைப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தோம். தூறல் நின்றது. பிள்ளைகள் பேசிச் சிரித்துக் கலைந்தனர். எனக்குச் சினம் வந்தது. "படம் எடுத்து முடிக்கும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று அதட்டினேன். பதினான்கு பேரும் சிலையாயினர். கேமராவைக் கண்ணில் வைத்தேன். நடுவில் நின்றவளின் மூக்குத்தி இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பி ஒன்றாக்கினேன். விளக்கு எதுவும் எரியவில்லை. சட்டகத்துக்குள் எல்லாரும் இருந்தனர். ஐந்து படங்கள் எடுத்தேன். வாழ்க்கையில் அதுவரை நான் எடுத்தவற்றில் அவையே சிறந்தவை என்று தோன்றியது.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். கடைக்காரர் நெகடிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். முன்பு எடுத்த படங்கள், என் தங்கை மகனின் பிறந்தநாள், எல்லாம் நன்றாக வந்திருந்தன. 22 முதல் 26 வரை வெறும் ஆரஞ்சு நிறம். எதுவுமில்லை.

"கழுவும்போது கெட்டுவிட்டதா?" என்றேன்.

"ஓரத்தைப் பாருங்கள், சிக்கு" என்றார். ஓரத்தில் எண்கள் தெளிவாக இருந்தன. கழுவுவதில் பிழை நேர்ந்திருந்தால் அவையும் வந்திருக்கமாட்டா. அவர் வேறெதுவும் சொல்லவில்லை. தம் உள்ளங்கையைக் கண்ணாடிப் பேழையின் மேலிருந்த ஒரு கேமராவின் லென்சின்மேல் வைத்து மூடிக் காட்டினார். அவ்வளவுதான்.

எஸ்.எல்.ஆர். என்றால் லென்சின் வழியே பார்ப்போம். மூடியிருந்தால் இருட்டாகத் தெரியும். என் கேமராவில் பார்க்கும் சன்னல் வேறு, ஒளியளவு பார்க்கும் சிறு கண்ணும் வேறு. இரண்டும் லென்சுக்கு வெளியே. ஆகவே மூடி இருந்தும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, ஒளியும் சரியென்றே அது எனக்குக் கூறியது. இந்த விளக்கமெல்லாம் பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டவை.

வகுப்பில் நான் சொன்னது வேறு. "கடையில் கழுவும்போது படம் கெட்டுவிட்டது" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்! பிள்ளைகள் அப்படியே நம்பினர். ஒருவன் அந்தக் கடைக்காரரைத் திட்டக்கூடச் செய்தான். நான் தடுக்கவில்லை. இதை இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதும்போதும் கை சற்றுத் தயங்குகிறது.

ஓய்வு நேரத்தில் அந்த மூக்குத்திச் சிறுமி என் மேசையருகே வந்து நின்றாள். அமைதியான பிள்ளை. கணக்கில் கெட்டி.

"சார், கேமராவுக்கு முன்னால கறுப்பா வட்டமா ஒரு மூடி இருந்துச்சே, அது அப்படியே இருந்தாலும் படம் விழுமா?"

எனக்கு முகம் சூடேறியது. "நீ பார்த்தாயா?"

"பார்த்தேன், சார்."

"பார்த்தால் அப்போதே சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க." அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிறகு, "சாருக்குத் தெரியாமயா இருக்கும், இது மூடியோடயே எடுக்கிற கேமராவா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

அன்று நான் எந்தப் பாடமும் நடத்தவில்லை. கேமராவை எடுத்துவந்து மேசைமேல் வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, மூடியோடு ஒருமுறையும் மூடியில்லாமல் ஒருமுறையும் சன்னலின் வழியே பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் ஒன்றே தெரிந்தது. "சார் மூடியைத் திறக்க மறந்துட்டேன். கடைக்காரர் மேல பழி போட்டது பொய்" என்றேன். சிலர் சிரித்தனர். சிலர் தலையைக் குனிந்துகொண்டனர். ஆசிரியர் பொய் சொன்னதைக் கேட்க அவர்களுக்கே கூச்சமாக இருந்தது போலும். ஏழு வெள்ளியையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். "இன்னொரு தடவ எடுங்க சார்" என்றார்கள். சிறுமி மட்டும் மூடியை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

மறுவாரம் மீண்டும் எடுத்தோம். ஆனால் அதற்குள் வகுப்பில் பன்னிரண்டு பேர்தாம் இருந்தனர். ஜொகூருக்குப் போனவன் போய்விட்டிருந்தான். கிள்ளானுக்கு இடம்பெயர்ந்த குடும்பத்தோடு ஒரு மாணவியும் போயிருந்தாள். படம் நன்றாக வந்தது. எல்லாருடைய கண்களும் திறந்திருந்தன. வாயும் திறந்தே இருந்தது. இம்முறை நான் யாரையும் அதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு கை ஏதோ வட்டமான கறுப்புப் பொருளைப் பற்றியிருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம்.

பழக்கத்தில் பதினான்கு படிகள் எடுக்கச் சொல்லிவிட்டேன். கிள்ளானுக்குப் போன மாணவி எந்தப் பள்ளியில் சேர்ந்தாள் என்பது தெரிந்ததால் அங்கே அனுப்பினேன். ஜொகூரிலிருந்து முகவரி வரவில்லை. தோட்டத்து அலுவலகத்தில் கிராணியிடம் கேட்டேன். அவர்களுடைய உறவினர் வீட்டில் கேட்டேன். அவர்களும் சில மாதங்களில் இடம்பெயர்ந்துவிட்டனர். அந்தப் பள்ளியிலிருந்து நானும் மாற்றலாகிப் போனேன். பிறகு பல பள்ளிகள், பல வகுப்புப் படங்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் கைவிடப்பட்டுவிட்டது.

கேமரா இன்னும் இயங்குகிறது. அதற்குரிய 5.6 வோல்ட் பாதரச மின்கலம் இப்போது விற்பனையில் இல்லை. 6 வோல்ட் மின்கலத்தைச் சிறு இணைப்பானோடு செருகினால் விளக்குகள் எரிகின்றன. பக்கத்து வீட்டுச் சிறுவன் பொத்தானை அழுத்தி அழுத்தி மஞ்சள் விளக்கைப் பார்த்து மகிழ்ந்தான். டின்னின் அடியில் இருந்த அஞ்சல் உறையையும் அவன்தான் எடுத்துத் தந்தான்.

உறையின் மேல் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது. உள்ளே அந்தப் பதினான்காவது படி. அவனுக்கென்று எடுத்துவைத்தது, அதில் அவன் இல்லை. அதனோடு அந்த நெகடிவ் துண்டையும் வைத்திருக்கிறேன். அண்ணனின் காலணியோடு அவன் நின்றது அதில்தான். சிறுவன் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "ஒன்னுமே இல்லையே, ஐயா" என்றான். ஓரத்தில் 22, 23, 24, 25, 26 என்ற எண்கள் மட்டும் இருந்தன.