ஏரிக்கரையில் வீடு பார்க்கப் போனோம்

ஜூன் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்து போகிறோம், ஒயின் தோட்டங்களைப் பார்க்கப்போகிறோம் என்றதும் அலுவலகத் தோழி சிரித்துவிட்டார். "குளிர்காலத்தில் யாராவது திராட்சைத் தோட்டம் பார்க்கப் போவார்களா? கொடியில் ஓர் இலைகூட இருக்காதே!"

அவர் சொன்னது சரிதான். ஆனால், நாங்கள் போனதற்கு வேறொரு காரணமும் இருந்தது. வீடு பார்க்க வேண்டும்.

எங்கள் வீவக வீட்டில் குடியேறி ஐந்தாண்டு நிறைவடைந்திருந்தது. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும்வரை வெளிநாட்டிலும் தனியார் வீடு வாங்க முடியாது என்பதால், என் கணவர் அந்த நாளுக்காகவே காத்திருந்தார். வானாக்கா ஏரிக்கரை வீடுகளின் படங்களை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசியில் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு அங்கே போய் இருக்கலாம், அதுவரை விடுமுறைக்குப் போய்வரலாம் என்பது அவரது திட்டம்.

அந்தத் திட்டத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. நியூசிலாந்து 2018 அக்டோபரிலிருந்து வெளிநாட்டினர் வீடு வாங்குவதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. ஆஸ்திரேலியருக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் மட்டும், வர்த்தக உடன்பாடுகளின் காரணமாக, சாதாரண குடியிருப்பு வீடுகளில் விலக்கு உண்டு. ஏரியை ஒட்டிய பெரிய மனைகள் சிலவற்றுக்கு நமக்கும் தனி அனுமதி தேவைப்படலாம் என்பதால், வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது. அங்கே முத்திரை வரி கிடையாது. ஆனால், வெளிநாட்டு வீட்டுக்கு மசேநிதிப் பணத்தைத் தொட முடியாது. வீடு வாங்கிவிட்டதால் அங்கே குடியிருக்கும் உரிமையும் வந்துவிடாது. வருகையாளராகப் போனால் ஒரு முறைக்கு மூன்று மாதம்தான். இந்தக் கடைசி விஷயத்தை எங்கள் வீட்டில் அப்போது யாரும் அதிகம் பேசவில்லை.

சாங்கியிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம், ஏறக்குறைய பத்து மணி நேரம். அங்கிருந்து காரில் தெக்கப்போ ஏரியைக் கடந்து, லிண்டிஸ் கணவாய் ஏறி இறங்கினால் மத்திய ஒட்டாகோ. குளிர்காலத்தில் டயருக்குச் சங்கிலி எடுத்துச்செல்ல மறக்கக் கூடாது. வானாக்காவில் இறங்கியபோது மாலை ஐந்து மணி. இருட்டிவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கும் இருட்டாகவே இருந்தது. எட்டரை வாக்கில்தான் மலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. ஆண்டு முழுவதும் ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டும் ஊரிலிருந்து போனவர்களுக்கு இது ஒரு பெரிய பாடம்.

இரண்டாவது பாடம் ரிப்பன் தோட்டத்தில் கிடைத்தது. 1970களில் ரோல்ஃப் மில்ஸ், லோயிஸ் மில்ஸ் தம்பதி சோதனையாகக் கொடி நட்டுத் தொடங்கிய இடம் அது. சரிவின் மேலே நின்றால் இலையில்லாத கொடிகள் வரிசை வரிசையாக ஏரியை நோக்கி இறங்குகின்றன. அப்பால் நீலத் தண்ணீர், அதற்கும் அப்பால் பனிமலை. எங்கள் பத்து வயது மகன், "அம்மா, எல்லாம் செத்துப்போச்சா?" என்று கேட்டான். தூங்குகின்றன என்றேன்.

திராட்சைத் தோட்டக்காரர்கள் நிலத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அந்தப் பயணத்தில்தான் தெரிந்துகொண்டேன். தென்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. இந்த வட்டாரம் 45ஆம் பாகையை ஒட்டி இருப்பதால் ஜூன் மாத நண்பகலிலும் வெயில் தாழ்ந்தே விழுகிறது. அதனால் வடக்கு நோக்கிய சரிவுக்குத்தான் மதிப்பு. அடுத்தது உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் நட்ட கொடியின் தளிர் வசந்தகாலத்தில் ஓர் இரவில் கருகிவிடும், மேட்டில் இருப்பது தப்பிக்கும். ஆழமான ஏரி அருகில் இருந்தால், அது கோடையின் சூட்டைச் சேர்த்து வைத்து மெல்ல விடுவதால் குளிரின் கடுமை குறைகிறது.

சுவைத்துப் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் மதுப் பழக்கம் இல்லாதவர்களும் தயங்காமல் போகலாம். சிறு கிண்ணங்களில் நான்கைந்து வகை தருவார்கள். ஒரு வாய் சுவைத்துவிட்டுப் பக்கத்திலுள்ள பாத்திரத்தில் துப்பிவிடுவது மரியாதைக் குறைவு அல்ல. கார் ஓட்டுபவர் அப்படித்தான் செய்ய வேண்டும். அங்கே பெரியவர்களுக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுதான். மத்திய ஒட்டாகோவில் பெரும்பகுதி பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின். எனக்குப் பிடித்தது ரீஸ்லிங். எலுமிச்சை பிழிந்தது போன்ற புளிப்பு.

அன்று பிற்பகல் முதல் வீடு. வானாக்கா ஊர் ஏரியின் தென்முனையில் இருக்கிறது. ஆகவே, ஏரியும் வடக்கே, வெயிலும் வடக்கே. மூன்று படுக்கையறை, இரட்டைக் கண்ணாடிச் சன்னல், விறகு அடுப்பு. வெளியே நான்கு டிகிரி, உள்ளே கூடம் முழுக்க வெயில். கேட்ட விலை 1.3 மில்லியன் நியூசிலாந்து வெள்ளி. கணவர் கூடத்தின் நடுவில் நின்று, நாற்காலி எங்கே போடலாம் என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அங்கிருந்தே அத்தைக்குக் காணொளி அழைப்பு. அவர் முதலில் கேட்டது, "வாசல் எந்தப் பக்கம்?"

"வடக்குமா."

"குபேரன் திசை. நல்லதுதான்." பிறகு கைப்பேசிக்குள் எட்டிப் பார்ப்பது போல முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். "அக்கம்பக்கத்துல யாரு இருக்காங்க?"

கணவர் கைப்பேசியைச் சன்னல் பக்கம் திருப்பினார். இருபுறமும் திரை மூடிய வீடுகள். ஒன்றின் புகைபோக்கியிலும் புகை இல்லை. பெரும்பாலானவை விடுமுறை வீடுகள் என்றார் முகவர். கோடையிலும் பனிச்சறுக்குக் காலத்திலும் ஆள் வருவார்களாம்.

அடுத்த நாள், சாலையில் பனி உறையாத நேரமாகப் பார்த்து, கிரவுன் மலைத்தொடர் வழியாகக் குவீன்ஸ்டவுன் போனோம். ஆயிரம் மீட்டருக்கும் மேலே ஏறி இறங்கும் பாதை. கீழே வாக்கட்டிப்பு ஏரி தெரிந்ததும் மகன் காரை நிறுத்தச் சொன்னான். ஏறக்குறைய அரை மணிக்கொருமுறை அந்த ஏரியின் மட்டம் சில அங்குலம் உயர்ந்து தாழும். ஏரிக்கடியில் கிடக்கும் அரக்கனின் இதயத் துடிப்பு அது என்பது மாவோரி மக்களின் கதை. கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான்.

இரண்டாவது வீடு அங்கேதான், ஊரை ஒட்டிய மலைச்சரிவில். படத்தில் நாங்கள் மயங்கியது இந்த வீட்டைப் பார்த்துத்தான். ஏரியும் எதிர் மலையும் சன்னல் நிறையத் தெரிந்தன. ஆனால், அந்தச் சரிவு தெற்கு நோக்கியது. பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே விளக்கு எரிந்தது. இரண்டு மணிக்கும் மரத்தளத்தில் காலைப்பனி உருகவில்லை, ஓரங்களில் பாசி. விளம்பரப் படம் எடுத்தது ஜனவரியில். சூரியன் மலைக்குப் பின்னால் வராமலே போகும் வாரங்களும் உண்டா என்று கேட்டேன். முகவர் நேர்மையானவர், "சில வாரங்கள்" என்றார். ஜூனில் போனது நல்லதாகப் போயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

திரும்பும் வழியில் கிப்ஸ்டன் பள்ளத்தாக்கு. அயர்லாந்தில் பிறந்த செய்தியாளர் ஆலன் பிரேடி 1980களின் தொடக்கத்தில் இங்கே கொடி நட்டபோது, இந்தக் குளிரில் வளராது என்று சொன்னவர்கள் பலர். அதற்கும் முன்பே, 1864ல், பிரெஞ்சுக்காரர் ஃபெரோ கிளைட் அருகே கொடி நட்டிருந்தார். தங்க வேட்டைக்கு வந்தவர்களின் காலம் அது.

அடுத்து குரோம்வெல். இங்குள்ள டன்ஸ்டன் ஏரி இயற்கையானதல்ல. கிளைட் அணைக்காக 1992லும் 1993லும் நீரை நிரப்பியபோது பழைய கடைத்தெரு மூழ்கியது. காப்பாற்றிய சில கட்டடங்கள் கரையில் நிற்கின்றன. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் வறண்ட பூமி. நமக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். மூன்றாவது வீடு இந்த வட்டாரத்தில், ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில். வெயில் நன்றாக இருந்தது, விலையும் குறைவு. தோட்டத்தில் உயரமான கம்பங்களில் பெரிய விசிறிகள் நின்றன. உறைபனி இரவுகளில் மேலேயுள்ள வெப்பக் காற்றைக் கீழே தள்ள அவை சுழலும். சத்தம் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் நிற்பது போலிருக்குமாம். குளிர்காலத்தில் அவை ஓய்ந்திருப்பதால் அது எங்கள் காதில் விழவில்லை.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நகர மன்றத்திடம் கட்டணம் செலுத்தி 'லிம்' அறிக்கை வாங்கலாம். வெள்ள அபாயம், நிலச்சரிவு, கட்டட அனுமதி பற்றி மன்றத்திடம் உள்ள விவரம் அதில் இருக்கும். 1999 நவம்பரில் வானாக்கா, குவீன்ஸ்டவுன் கடைத்தெருக்களில் ஏரி நீர் புகுந்தது. ஆகவே, 'ஏரிக்கு மிக அருகில்' என்ற வரியை இருமுறை படிக்க வேண்டும். ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் விழுந்ததும் நிபந்தனை ஏதும் வைக்க முடியாது. கட்டடப் பரிசோதனையை முன்பே முடித்துவிட வேண்டும்.

கடைசி நாள், பேனொக்பர்ன் பக்கம் ஒரு சிறிய தோட்டம். ஒரு பெண் கத்தரிக்கோலால் கொடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். குளிர்கால வேலையே இதுதான், சென்ற ஆண்டுத் தண்டுகளில் பெரும்பகுதியை வெட்டி, ஒன்றிரண்டை மட்டும் கம்பியில் கட்டுவது என்றார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஓராண்டில் மூன்று வீடு மாறிவிட்டாராம். வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விடுமுறைக்காரர்களுக்கு விட முடிவுசெய்தார், அடுத்தது விற்பனையானது. இப்போது தோழியின் வீட்டில் ஓர் அறை. பனிச்சறுக்குக் காலத்தில் கூடாரவண்டியில் தூங்கிவிட்டு வேலைக்கு வருபவர்களும் இருக்கிறார்களாம்.

பிறகு அவர் எங்களைக் கேட்டார். கணவர் வீடு பார்க்க வந்ததைச் சொன்னார்.

"நல்ல ஊர். ஆண்டில் எத்தனை வாரம் இருப்பீர்கள்?"

"இப்போதைக்கு மூன்று, நான்கு."

அவர் முகம் சுளிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.

காரில் கணவர் நீண்ட நேரம் பேசவில்லை. "வாடகைக்கு விடலாம், அவங்க மாதிரி ஒருத்தருக்கு" என்றார் கொஞ்சம் கழித்து. விடலாம்தான். நாங்கள் வரும்போது அவரை எங்கே போகச் சொல்வது என்று கேட்டேன். அதற்கு இருவரிடமும் பதில் இல்லை.

ஊர் திரும்பியதும் அத்தை சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டே, "வீடுன்னா விளக்கு ஏத்த ஆள் வேணும்டா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

நாங்கள் வாங்கவில்லை. உண்மையாகவே அங்கே போய் இருக்கும் காலம் வந்தால், விசாவும் கையில் இருந்தால், அப்போது பார்ப்போம். அடுத்த ஜூனில் ஒரு மாதம் தங்குவதாக முடிவு. அங்கேயே குடியிருக்கும் ஒரு குடும்பம் தங்கள் வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விடுகிறது. முன்பதிவு செய்யும்போது கணவர் கேட்ட முதல் கேள்வி: "சன்னல் வடக்கு பார்த்து இருக்கிறதா?"