ஒரு ஹேஷ் குறி

போன வாரம் என் லேப்டாப் படுத்துவிட்டது என்று எழுதியதும் நிறையப் பேர் விசாரித்தீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.

அதில் லினக்ஸ் போட்டிருக்கிறது. அன்று காலை ஆன் செய்தால், ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்துவிட்டுக் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. கடைத் தம்பி பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணிடலாம் டீச்சர், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் வீட்டுக்காரர் (உங்களில் பலருக்குக் கணக்கு சார்) கடைசி வருடத்தில் பேசிப் பதிந்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. வேறு எங்கும் பிரதி இல்லை. என் தப்புதான், திட்டாதீர்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து, இப்போது கோவையில் மென்பொருள் வேலை பார்க்கும் பையனுக்குப் போன் செய்தேன். "கடையில குடுத்துடாதீங்க டீச்சர். நான் சொல்றதை டைப் பண்ணுங்க, திரையில வர்றதை எழுத்து எழுத்தா படிங்க" என்றான். அவனுக்குச் 'சொல்வதை எழுதுதல்' வைத்தவள் நான்!

எஃப்எஸ்டேப் என்று ஒரு கோப்பு. எந்தெந்த டிஸ்க்கைச் சேர்க்க வேண்டும் என்ற பட்டியல். ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு பத்தி, நம் வருகைப் பதிவேடு மாதிரியேதான். மூன்றாவது வரியில் நிறுத்தினான். "இந்த டிஸ்க் எங்க டீச்சர்?" மகளிடம் கொடுத்து இரண்டு நாள் ஆகிறது. வராத பிள்ளைக்காக வகுப்பே ஆரம்பிக்காமல் நின்றிருக்கிறது. வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போடச் சொன்னான். போட்டேன். லேப்டாப் எழுந்துவிட்டது.

"இதெல்லாம் டேட்டாபேஸில் இருந்திருந்தால்?" என்று கேட்டேன். "போன்ல படிச்சுக் காட்டியிருக்க முடியாது டீச்சர்" என்றான்.

அதற்காக டேட்டாபேஸ் மட்டம் என்று சொல்லவில்லை. விண்டோஸ் 3.1 காலத்தில் செட்டிங்ஸ் எல்லாம் ஐ.என்.ஐ. என்ற எழுத்துக் கோப்புகளில் சிதறிக் கிடந்தன. ஒரு கோப்பு 64 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது பெரும்பாலானவற்றை ரெஜிஸ்ட்ரி என்ற ஒரே டேட்டாபேஸில் சேர்த்தார்கள். ஒழுங்கு வந்தது. ஆனால் நோட்பேடில் திறந்து திருத்தும் வசதி போய், தனிக் கருவி வேண்டியதாயிற்று.

எனக்குப் பிடித்தது ஃபயர்பாக்ஸ் வழி. நாம் மாற்றும் செட்டிங்ஸை இன்றும் எழுத்துக் கோப்பில்தான் வைக்கிறது. புக்மார்க்குகளையும் பார்த்த பக்கங்களின் பட்டியலையும் 2008-ல் வந்த 3-ஆம் பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் வைக்கிறது. அவை ஆயிரக்கணக்கில் சேரும், நிமிடத்துக்கு நிமிடம் மாறும், தேடி எடுக்கவும் வேண்டும். பாதி எழுதும்போது மின்சாரம் போனாலும் கணக்குக் குழம்பக் கூடாது. செட்டிங்ஸ் அப்படியா? எப்போதோ ஒருவர் தொடுவது. அதைக் கண்ணால் படிக்க முடிய வேண்டும் என்பது என் கட்சி.

பையன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "எழுத்துக் கோப்பு எதை எழுதினாலும் வாங்கிக்கும் டீச்சர். டேட்டாபேஸ்ல எண் வர்ற இடத்துல எழுத்தை விடாத மாதிரி கட்டுப்பாடு வைக்கலாம்" என்றான். நியாயம்தான்.

அந்த வரிக்கு மேலே இன்னொரு ஹேஷ் போட்டு, தேதியோடு, "டிஸ்க் மகளிடம் இருக்கிறது" என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கணினி அதைக் கண்டுகொள்ளாது, அடுத்துத் திறக்கிறவர் படிப்பார். சாரின் பதிவுகளை இரண்டு பென்டிரைவில் ஏற்றியாகிவிட்டது. ஒன்று மகளிடம் போகிறது.