தேவாலா சுரங்க வழக்கு

நீலகிரியின் கூடலூர் நீதிமன்றத்தில் நான் நடத்திய வழக்குகளில் இதை மறக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள். வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கத்தில் தங்கம் திருடினார்கள் என்பது குற்றச்சாட்டு.

பந்தலூர், தேவாலா பள்ளத்தாக்கில் பழங்குடிகள் காலங்காலமாக ஓடை மண்ணை அரித்துப் பொன் எடுத்து வந்தார்கள். 1879-இல் பிரஃப் ஸ்மைத் என்ற நிபுணர் வந்து ஆராய்ந்தார். அவர் அறிக்கையை நம்பி லண்டனில் 40-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அறிவித்த மூலதனம் சுமார் 50 லட்சம் பவுண்டு. பாறையில் அவ்வளவு பொன் இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் கடையைக் கட்டின. குடைந்த சுரங்கங்கள் திறந்தே கிடந்தன. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களில் பலர் இந்தப் பக்கம் குடியேறினார்கள். என் கட்சிக்காரர்களான இந்த மூவரும் அவர்களுடைய பிள்ளைகள்.

சான்றுப் பொருள்கள்: உளி, சம்மட்டி, இரும்பு உரல், வெள்ளைக்கல் மூட்டை, ஒரு குப்பி பாதரசம். கல்லை இடித்து, மாவை அரித்து, பாதரசம் விட்டால் பொன்துகள் அதில் ஒட்டும். துணியில் பிழிந்து உருண்டையை அடுப்பில் சுட்டால் பாதரசம் ஆவியாகும், பொன் தங்கும். அந்த நஞ்சு வீட்டுப் பிள்ளைகளின் மூச்சிலும் ஏறும்.

1957 கனிமச் சட்டம் 22-ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துப் புகார் வேண்டும். அது இல்லாததால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் கனிமத் திருட்டு தனிக்குற்றம் என்று 2014-இல் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால் திருட்டுக் குற்றச்சாட்டு மிஞ்சியது. அரசுத் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் கேட்டேன்: மூட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பினீர்களா? இல்லை. சுரங்கத்தின் சர்வே எண்? மகசரில் இல்லை. ஜன்மம் என்ற பழைய நில உரிமையை ஒழித்த 1969 சட்டத்தால் எழுந்த நிலத் தகராறுகளே தீராத ஊரில், எந்த இடம், யார் வசம் இருந்தது என்று சொல்லாத மகசர் திருட்டை எப்படி நிரூபிக்கும்? சந்தேகத்தின் பலனில் மூவரும் விடுதலையானார்கள்.

இனியும் உள்ளே போவீர்களா என்று மூத்தவரைக் கேட்டேன். “கூலி கட்டுபடியானா, யாரு சார் அந்தப் பொந்துக்குள்ள போவா?” என்றார்.

மண் சரிந்து உள்ளேயே உயிர்விட்டவர்கள் உண்டு. துகளை வாங்கிய வியாபாரியின் பெயரோ குற்றப்பத்திரிகையில் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பொன் வரலாற்றைப் போற்ற நினைப்பவர்கள் முதலில் சுரங்க வாய்களை அடைக்கட்டும். குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டாவும் வாழும்படியான கூலியும் கொடுக்கட்டும். அதைச் செய்யாமல் உளி பிடித்தவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது.