சரியாகக் கேட்போம்!

வலியென்றால் தைலம், தைலம் தீர்ந்தால் தாயத்து, தாயத்தும் தோற்றால் தலைவிதி! ஏழாயிரம்பண்ணையில் இடுப்புவலிக்கு நம்மவர் வகுத்துள்ள வரிசை இது. தீப்பெட்டி ஆபீசில் காலை முதல் மாலை வரை தரையில் அமர்ந்து கட்டை அடுக்கும் நம் அக்காமாரும் அத்தைமாரும், எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவதை நாள்தோறும் காண்கிறோம். “வயசாச்சுல்ல!” என்று ஊர் தீர்ப்பெழுதிவிடுகிறது. முப்பது வயதுக்கா முதுமை?

மருத்துவமனைக்குச் சென்றால் ஒத்தடம் கிடைக்கிறது, சில பயிற்சிகளும் கிடைக்கின்றன. எவருக்கு எந்தப் பயிற்சி, எத்தனை நாள் என்று கேட்டோம். “எப்போதும் இப்படித்தான்” என்றனர். சடங்கு மருத்துவமனைக்குள்ளும் குடியேறக்கூடுமன்றோ?

கேள்விக்கும் இலக்கணம் உண்டு. “பயிற்சி நல்லதா?” என்று பொதுவாய்க் கேட்டால் பொதுவாய்த்தான் விடை வரும். யாருக்கு, என்ன சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, எந்தப் பயனை அளந்து என நான்கு உறுப்புகளாய்க் கேட்கும் முறையை 1995இல் மருத்துவ அறிஞர்கள் வகுத்துத் தந்தனர்.

அதற்கு நெடுநாள் முன்பே, 1956இல், சென்னையில் அத்தகைய கேள்வி எழுந்தது. காசநோய் கண்ட ஏழைக்கு மருந்தை வீட்டிலேயே கொடுத்தால், சானடோரியத்தில் வைத்துப் பேணுவதற்கு நிகரான பயன் கிட்டுமா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று: வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ நிகரான பயன் தந்தது. குடிசையும் குறையுணவும் மருந்தின் ஆற்றலைத் தடுத்துவிடவில்லை. உலகின் போக்கையே மாற்றிய விடை, ஒழுங்காய்க் கேட்ட கேள்வியில் பிறந்தது!

இடுப்புவலிக்கும் இத்தகைய ஆய்வு உண்டு. ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. திடீரென வந்த வலிக்குப் படுக்கையில் ஓய்ந்தோரையும் தனிப்பயிற்சி செய்தோரையும்விட, இயன்றவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தோர் விரைந்து தேறினர். ஆனால் அந்த ஊழியர் வேறு. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, ஆண்டுக்கணக்கில் வலி சுமக்கும் நம் தாய்மார் வேறு. ஆகவே நம் கேள்வியை நாமே வடித்தாக வேண்டும்.

தரையில் அமர்ந்து கட்டை அடுக்கும், மூன்று திங்களுக்கு மேல் இடுப்புவலியுள்ள பெண்களுக்கு, ஒத்தடத்தோடு மணிக்கொருமுறை எழுந்து செய்யும் சிறு பயிற்சியும் சேர்ந்தால், ஒத்தடம் மட்டும் பெறுவோரைவிடப் பன்னிரண்டு வாரத்தில் வலி குறைகிறதா? தண்ணீர்க்குடம் தூக்க முடிகிறதா? எழுந்து நின்ற நிமிடங்களால் கூலி குறைகிறதா?

கடைசி இரண்டும் அவர்களைக் கேட்டால்தான் தோன்றும் கேள்விகள். முதுகு எத்தனை பாகை வளைகிறது என்பது சிகிச்சையாளர் நாடும் அளவு. அடுப்பு எரிகிறதா என்பது அவர்கள் வாழ்வின் அளவு. அவர்கள் இசைவின்றி ஆய்வு தொடங்குதல் அறமன்று.

விடை முன்பே உண்டா என முதலில் தேட வேண்டும். சிட்னி நகரினர் 1999இல் தொடங்கிய ‘பெட்ரோ’ என்னும் இயன்முறை மருத்துவச் சான்றுத் தொகுப்பு எவர்க்கும் இலவசமாய்த் திறந்திருக்கிறது. அங்கில்லையேல் ஆராய வேண்டும். பயிற்சியால் பயனில்லை என்றே முடிவு வரினும் ஏற்க வேண்டும்; விரும்பிய விடைக்காகக் கேட்பது குறி கேட்பதற்கு ஒப்பாகும்.

வலியைத் தலையில் எழுதிய எழுத்தென்று பொறுத்தது போதும். அதைத் தாளில் எழுதும் கேள்வியாக்குவோம்!