கற்பிட்டிக் கரையும் கலைக்களஞ்சியப் பெண்களும்

தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தேடித் தொகுத்த முன்னோடி ஒருவர் புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டியில் பிறந்தவர் என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்? 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1859 இல் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்நூலின் முகப்பிலேயே, புலவர்களோடு பெண்பாற் புலவர்களின் வரலாறும் இதில் அடங்கும் என்று குறித்தார்.

அவருக்குப் பின்னர், 1902 இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசமும் 1910 இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும் வந்தன. 1954 முதல் பெ. தூரனின் தலைமையில் கலைக்களஞ்சியம் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. இந்த வரிசையில் நாம் நினைவுகூரும் பெயர்கள் அனைத்தும் ஆண்களுடையவை.

2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அந்த நிலை மாறியிருக்க வேண்டும். அங்கே ஆசிரியபீடத்தின் அனுமதி தேவையில்லை, எவரும் எழுதலாம். யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் போன்றோர் ஊதியமின்றி வளர்த்த அக்களஞ்சியத்தில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எனினும், 2011 இல் விக்கிமீடியா அறக்கட்டளை உலகளாவிய தொகுப்பாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தனர். 2015 ஆம் ஆண்டுக்குள் அதனை 25 வீதமாக்குவோம் என்றனர். அந்த இலக்கு எட்டப்படவில்லை.

வீட்டு வேலை முடிந்தபின் பெண்ணுக்கு எஞ்சும் நேரம் சொற்பம் என்பர். உரையாடற் பக்கங்களின் சொற்போரும் பலரை விரட்டுகிறது என்பர். இரண்டும் உண்மையே. ஆனால், பத்திரிகையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு வேறொரு காரணமும் தென்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கற்பிட்டியில் கருவாட்டு வாடியொன்றுக்குச் சென்றிருந்தேன். எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு, சோளகக் காற்றில் எத்தனை நாள் வெயில், மழைக்குணம் கண்டால் எப்போது பாயைச் சுருட்டுவது என்றெல்லாம் ஒரு மூதாட்டி விரிவாகச் சொன்னார். "இதையெல்லாம் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டேன்.

"எழுதுறதுக்கு இதில என்ன இருக்கு ஐயா? நாங்கள் நாளாந்தம் செய்யிறதுதானே" என்றார்.

அவருடைய பேத்தி கைத்தொலைபேசியில் தமிழைச் சரளமாகத் தட்டச்சுச் செய்யக்கூடியவள். ஆனால், பாட்டி சொன்னதை அவள் அப்படியே விக்கிப்பீடியாவில் ஏற்றினால் அது நிலைக்காது. அச்சிட்ட ஆதாரம் கேட்பார்கள். கேட்பது நியாயமே, ஆதாரமற்ற களஞ்சியம் வெறும் வதந்தி மூட்டை. கனடாவின் பௌதிகப் பேராசிரியர் டொனா ஸ்டிரிக்லண்ட் பற்றிய ஆங்கிலக் கட்டுரையே போதிய ஆதாரமில்லை என்று 2018 மே மாதம் நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பேராசிரியருக்கே அந்த நிலையெனில், கருவாட்டு வாடிப் பெண்ணுக்கு?

அந்த ஆதாரத்தை உருவாக்க வேண்டியவர்கள் பத்திரிகையாளர்களாகிய நாங்கள். 'மீனவர்' என்றதும் எங்கள் பக்கங்களில் தோன்றுவது சம்மாட்டியும் சங்கத் தலைவரும்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். அவர்களது அகதி வாழ்வைப் பற்றி அமைச்சர்களும் அதிகாரிகளும் கூறியவை செய்திகளாயின. ஓலைக் குடிசையில் பிள்ளைகளை வளர்த்தெடுத்த தாய்மார் கூறியவை எத்தனை பத்திகளில் வந்தன? பத்திரிகையில் இல்லாதவர் களஞ்சியத்திலும் இல்லாதவராகிறார்.

எழுத வரும் பெண்களும், தாம் அறிந்த உலகத்துக்குச் சான்று காட்ட இயலாமல், ஏற்கெனவே எழுதப்பட்டவற்றையே மீண்டும் எழுதும் நிலைக்கு ஆளாகின்றனர். அதில் எவருக்குத்தான் ஆர்வம் நீடிக்கும்?

உடப்பு, கற்பிட்டி, புத்தளம் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவிகள் தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதுவதைத் தொகுத்து நூலாக அச்சிடுங்கள். பிராந்திய நிருபர்களே, அவற்றைச் சரிபார்த்துச் செய்தியாக்குங்கள். அச்சில் ஏறியதைச் சான்றாகக் காட்டி, அதே மாணவிகள் களஞ்சியத்தில் எழுதட்டும்.

அந்த மூதாட்டியின் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. நூல் ஆயத்தமாகும் வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.