நெசவாளர் திருத்திய புரோகிராம்

ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான காஞ்சிபுரத்துக்கு வந்தோம். பிள்ளையார்பாளையத்தில் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். அவர் மகள் பதினொன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம், கம்ப்யூட்டர் சயின்ஸ்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் கண் கலங்கி வந்து நின்றாள். "தாத்தா, குரூப்பை மாத்திக்கப் போறேன். சி பிளஸ் பிளஸ் வரவே மாட்டேங்குது. ஒரு அரைப்புள்ளி விட்டா இங்கிலீஷ்ல பத்து வரி திட்டுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து அரசாங்கக் குமாஸ்தா ஆனவன் நான். கணக்கு தெரியும், விதி தெரியும். கோப்பில் இங்கிலீஷில் நாலு வரி எழுதத்தான் கை நடுங்கும்.

மகனிடம் போனில் சொன்னேன். 'எழில்' என்று ஒன்று இருக்கிறதாம். முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கி, 2009-லேயே அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். பைத்தான் மேல் ஓடுகிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் ஒவ்வொரு மாறியும் முழு எண்ணா தசமமா என்று முன்னாலேயே அறிவிக்க வேண்டும். முழுவதும் கம்பைல் ஆகித் தேறினால்தான் ஓடும். எழிலில் அந்தச் சடங்கு இல்லை. 'பதிப்பி' என்றால் திரையில் வரும். நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால், நாம் பேசுகிற மாதிரியே. (1970களில் பிரான்சில் பள்ளிகளுக்காக எல்எஸ்இ என்றொரு மொழி இருந்தது. 'சி', 'அலோர்', 'சினோன்' எல்லாம் பிரெஞ்சு. அங்கே 'சி' முதலில் நிற்கும்!)

அப்பாவின் கடன் கணக்கையே எழுதச் சொன்னேன். முன்பணம் 60,000, சேலைக்கு 1,000 பிடித்தம், மாசம் 2 சேலை. கடன் தீர 30 மாசம் என்று வந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "தப்பு" என்றார்.

"மூணு சேலைக்கு ஒரு பாவு. பாவு பிணைக்கிற நாலு நாள் எங்கே? மழையில குழியில தண்ணி ஊறுமே, அந்த நாள் எங்கே?"

மழைக்கு வருஷத்துக்கு 15 நாள் என்று வைத்தாள். இரண்டு வரி சேர்த்ததும் 34 மாசத்தைத் தாண்டியது. அவள் எழுதியதில் அவர் தப்புக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியிருந்தால் எட்டிப் பார்த்திருப்பாரா?

"பிடித்தம் 1,500 ஆனா?" என்று கேட்டார். ஒரு எண்ணை மாற்றினாள். 23 மாசம்.

"அப்போ அரிசிக்கு?" என்றாள் உள்ளேயிருந்து அம்மா. அதற்குப் புரோகிராமில் வரி இல்லை.

எழில் போதும் என்று நான் சொல்லமாட்டேன். பரீட்சை சி பிளஸ் பிளஸ்ஸில்தான். பிளஸ் டூவில் பைத்தான். குரூப்பை மாற்றவில்லை. அதே கணக்கைச் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுத நாலு நாள் ஆயிற்று. அரைப்புள்ளி இன்னமும் விடுகிறாள். இப்போது எந்த வரிக்குத் திட்டு விழுகிறது என்று தெரிகிறதாம்.